ராயப்பரின் வலது கால்

கணுக்காலுக்குக் கீழே மட்டும் பார்த்து மனிதகுலம் மொத்தத்துக்கும் தீர்ப்பு எழுதிய ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, பெங்களூர் பிரேசர் டவுனில் வாழ்ந்த ராயப்பர்தான். மனிதனுக்கு முகம் என்று ஒன்று இருப்பது அவருக்குக் கேள்விப்பட்ட விஷயம், அவ்வளவுதான்.

கமர்ஷியல் தெருவில் ஒரு செருப்புக் கடையில் அவர் சேல்ஸ்மேன். முப்பது வருடமாக ஒரு குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர்களின் காலைத் தூக்கித் தன் முழங்கால் மேல் வைத்து, ஷூவை மாட்டி, கட்டைவிரலை அமுக்கிப் பார்த்து, "நடந்து பாருங்க" என்று சொன்னவர். ஒருமுறை அந்தக் கடைக்கு ஒரு கன்னட சினிமா நடிகை வந்து போய்விட்டார். எங்கள் காம்பவுண்டில் இருந்த எட்டு வீட்டுக்காரர்களும் அன்று மாலை ராயப்பரைச் சூழ்ந்துகொண்டார்கள். நேரில் எப்படி இருந்தார், சிவப்பா, மாநிறமா, சிரித்தாரா? ராயப்பர் நிதானமாக யோசித்துச் சொன்னார்: "அஞ்சு நம்பரு. சுண்டுவிரல் ஸ்வல்ப வளஞ்சிருக்கு, பாவம்." அதற்கு மேல் ஒரு தகவலும் பெயரவில்லை.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலைக்கு நான் பெங்களூர் வந்தேன். வந்த முதல் வாரமே அவரிடம்தான் ஷூ வாங்கினேன். என் காலைப் பார்த்ததும், "ஒம்பது நம்பரு. எடது காலு வலதவிடப் பெருசு. அம்மா செல்லம்" என்றார். மூன்றும் உண்மை. மலைத்துப் போனேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குத் தமிழ்ப் பூசைக்குப் போனால் கோயில் வாசலில் அதே மனிதர். ஓடிப்போய் வணக்கம் சொன்னேன். முகத்தைப் பார்த்து, யாரோ கடன் கேட்க வந்தவன் என்று நினைத்தாரோ என்னவோ, விலகிப் போனார். பிறகு தற்செயலாகக் கீழே பார்த்தார். "அடடே, ஒம்பது நம்பரு! இங்கதான் இருக்கியா? மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்த வாரமே அவர் காம்பவுண்டில் எனக்கு ஒரு அறையும் பிடித்துக் கொடுத்தார்.

கோயிலில் அவர் எப்போதும் கடைசி வரிசையில்தான். தாழ்மை என்று நினைத்தேன். இல்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, எல்லோரும் முழங்காலில் நிற்கும்போது, கடைசி வரிசையிலிருந்து பார்த்தால் மொத்தப் பங்கின், அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்த சனங்கள் அத்தனை பேரின், உள்ளங்கால்களும் வரிசையாகத் தெரியும். யார் வீட்டில் என்ன கஷ்டம், யார் வெறுங்காலோடு வேளாங்கண்ணிக்கு நடந்துவிட்டு வந்திருக்கிறார், யார் சும்மா பஸ்ஸில் போய்விட்டு நடந்ததாகக் கதை விடுகிறார் என்று எல்லாம் அவருக்கு அங்கேயே தெரிந்துவிடும்.

ராயப்பர் என்பது அவருடைய பெயர் அல்ல. ஞானஸ்நானத்தில் என்ன பெயர் வைத்தார்களோ, கடைசிவரை எனக்குத் தெரியாது. பேதுரு என்கிற சீடரை அந்தக் காலத்துத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் இராயப்பர் என்பார்கள். நம்மவருக்கு அந்தப் பெயர் வந்தது பெரிய வியாழனால்.

பெரிய வியாழன் என்பது ஈஸ்டருக்கு முந்தைய வியாழக்கிழமை. இயேசு கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்தபோது தன் பன்னிரண்டு சீடர்களின் கால்களையும் கழுவினார் இல்லையா, அதன் நினைவாக அன்று மாலைப் பூசையில் பங்குச் சாமியார் ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேரை வரிசையாக நாற்காலியில் உட்காரவைத்து, முழங்காலிட்டு, அவர்கள் காலைக் கழுவித் துடைப்பார். எங்கள் கோயிலில் முதல் நாற்காலி ராயப்பருக்கு. சாமியார்கள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். முதல் நாற்காலி மட்டும் மாறியதே இல்லை.

மீதிப் பதினோரு பேரைப் பிடித்து வருவதும் அவர் பொறுப்புதான். எனக்குப் போட்டது பன்னிரண்டாவது நாற்காலி.

"பன்னெண்டாவதுன்னா யாரு அங்கிள்?"

"மொதல்ல உக்காரு, அப்பறம் சொல்றேன்."

அப்புறம் சொன்னார்: யூதாஸ். காட்டிக்கொடுத்தவன். பங்கில் ஒருத்தரும் அந்த நாற்காலியில் உட்கார மாட்டார்கள் என்பதால்தான் ஊருக்குப் புதிதாக வந்த அப்பாவியான என் தலையில் அதைக் கட்டினார். "யூதாஸ் போனப்பறம் அந்த எடத்துக்கு மத்தியாஸ்னு ஒருத்தர எடுத்தாங்க இல்ல? நீ அவருன்னு நெனச்சிக்கோ" என்று ஆறுதலும் சொன்னார்.

"ஆனா கால் கழுவுன அன்னிக்கு மத்தியாஸ் அங்க இல்லியே?"

"இன்னாப்பா, ரொம்பப் படிச்சவன் மாதிரி பேசற" என்று பேச்சை முடித்துவிட்டார். காம்பவுண்டுப் பிள்ளைகளுக்கு அன்றிலிருந்து நான் யூதாஸ் அங்கிள்.

விபூதிப் புதன்கிழமை தொடங்கிய நாற்பது நாளும் எங்களுக்குப் பயிற்சி. மற்றவர்கள் கறி மீனை விட்டு நோன்பு இருப்பார்கள். நாங்கள் காலைக் கவனிக்க வேண்டும். ராத்திரி தேங்காயெண்ணெய், காலையில் வெந்நீர், கல்லால் குதிகாலைத் தேய்ப்பது. ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறான குருத்து ஞாயிறுக்குள் நகம் வெட்டியாக வேண்டும். பெரிய வியாழனுக்கு முந்தின நாள் சாயந்திரம் கோயில் பின்பக்கம் வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொரு காலாகப் பார்வையிடுவார். வலது கால் மட்டும்தான். சாமியார் கழுவுவது வலது காலைத்தான். பெரிய வியாழன் அன்று மட்டும் நாங்கள் பன்னிரண்டு பேரும் ஷூவோடு கோயிலுக்குள் வந்து, வலது ஷூவை மட்டும் கழற்றிவிட்டு உட்காருவோம்.

"எடது கால ஏன் கழுவறதில்ல அங்கிள்?"

"பெரிய சாமி காலத்துலேர்ந்து வலதுதான். அதுதான் மொற. மோட்சம் எந்தப் பக்கம் இருக்கு, வலது பக்கம்தான?"

பெரிய சாமி என்பவர் அறுபதுகளில் இங்கே பங்குச் சாமியாராக இருந்தவர். ராயப்பரைப் பொறுத்தவரை உலகம் அவர் காலத்தோடு முடிந்துவிட்டது. அதற்கப்புறம் வந்த சாமியார்கள் எல்லோரும் வெறும் ஃபாதர்கள். 'சாமி' என்ற சொல்லை அவர் வேறு யாருக்கும் செலவு செய்ததில்லை.

"பெரிய சாமி காலத்துல கால் கழுவறதுன்னா எப்படி இருக்கும் தெரியுமா? வெந்நி. அதுல ரோசாப்பூ. செம்புக் குடம். சாமி ஒவ்வொரு வெரலையும் தனித்தனியாத் தொடைப்பாரு. வெரல் சந்துல ஒரு சொட்டு ஈரம் நிக்காது. மூணு வாரத்துக்கு காலு கமகமன்னு இருக்கும். இப்ப? மூணு சொட்டு தெளிச்சிட்டு ஓடறாங்க, தபால்காரன் மாதிரி. அப்பல்லாம் பெரிய வியாழன்னா அஞ்சு மணிக்கு டாண்ணு மழை வரும். இப்ப மழையும் லேட்டு."

மழை லேட்டாவதற்கும் புதுச் சாமியார்கள்தான் காரணமா என்று கேட்டேன். "பின்ன நானா?" என்றார்.

அந்தக் காலத்து மனிதர்களின் கால்களே வேறாம். அகலமாக, நேர்மையாக இருக்குமாம். இப்போது எல்லாம் முன்னால் கூராகப் போய்விட்டதாம். பொய் சொல்கிற காலாம்.

பயிற்சியில் விபத்துகளும் உண்டு. ஐந்தாவது நாற்காலிக்காரர் ஆட்டோ ஓட்டும் ஆரோக்கியம். பிரேக் மிதித்து மிதித்து வலது காலில் ஏறிய கிரீஸ், வெந்நீருக்கும் அசையவில்லை, கல்லுக்கும் அசையவில்லை. ஒரு வருடம் பார்வையிடும் நாளன்று ராயப்பரே ஒரு பாட்டில் மண்ணெண்ணெய் வாங்கிவந்து தேய்த்துவிட்டார். கால் பளிச்சென்று ஆகிவிட்டது. ஆனால் ஆரோக்கியம் சும்மா இருக்காமல், இன்னும் பளிச்சென்று இருக்கட்டும் என்று வியாழக்கிழமை கிளம்பும்போது இன்னொரு கை தேய்த்துக்கொண்டு வந்துவிட்டார். பூசை நேரத்தில் பக்கத்தில் மெழுகுவர்த்தி பிடித்தவர்களுக்கு வாசனை எட்டியது. ஒவ்வொருவராக நகர்ந்து நகர்ந்து பீடத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அந்த வருடம் ஆரோக்கியத்தின் காலை மட்டும் சாமியார் இருட்டில் கழுவினார்.

ஆனால் உச்சக்கட்டம் எப்போதும் முதல் நாற்காலிதான். சுவிசேஷத்தில் இராயப்பர் தன் காலைக் கழுவ விடமாட்டேன் என்று மறுக்கிறார். குரு என் காலைத் தொடுவதா என்று அவருக்குத் தவிப்பு. நம்ம ராயப்பரும் அதை அப்படியே செய்வார். சாமியார் குனிந்ததும் காலை இழுத்துக்கொள்வார். "வேணாம், வேணாம்" என்று தலையாட்டுவார். சாமியார் மறுபடி கையை நீட்டுவார், மறுபடி இழுப்பார். மூன்றாவது தடவைதான் கால் கிடைக்கும். தண்ணீர் பட்டதும் கண்ணை இறுக மூடி, உதட்டைக் கடித்து, உடம்பு முழுக்கக் குலுங்குவார். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கண்ணீர் கொட்டும். அதைப் பார்த்துப் பெண்கள் பக்கம் முந்தானைகள் கண்ணுக்குப் போகும். பக்கத்துப் பங்குகளிலிருந்துகூட அதைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். நானே பன்னிரண்டாவது நாற்காலியிலிருந்து பார்த்து இரண்டு முறை மூக்கை உறிஞ்சியிருக்கிறேன். "பெரிய சாமி சொல்லிக் குடுத்த மொற" என்பார், கேட்டால்.

இப்படி நான்கு வருடம் யூதாஸாக நிம்மதியாக ஓடியது. பிறகு ஒரு புது ஃபாதர் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. பைக்கில் வருவார், கிடார் வாசிப்பார், எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். தங்கமான மனிதர். வந்த முதல் பெரிய வியாழனன்று முதல் நாற்காலிக்கு முன்னால் முழங்காலிட்டார். ராயப்பர் தன் மூன்று தடவை மறுப்பை முடித்து, குலுங்கி, அழுது, வலது காலைக் கழுவக் கொடுத்தார். ஃபாதர் பக்தியோடு துடைத்துவிட்டுச் சொன்னார்:

"அந்தக் காலையும் குடுங்க அங்கிள்."

ராயப்பர் கண்ணைத் திறந்தார். "எந்தக் காலு?"

"எடது கால். ரெண்டையும்தான கழுவணும்?"

கோயில் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லை. ராயப்பர் மெதுவாக இடது ஷூவைக் கழற்றினார். ஊருக்கெல்லாம் ஷூ மாட்டிவிட்ட மனிதரின் இடது காலுறையில் கட்டைவிரல் முழுசாக வெளியே நின்றது. காலுறைக்குள்ளிருந்து வந்த காலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நாற்பது நாளாக அந்தப் பக்கம் தண்ணீரே போகவில்லை.

இரண்டாவது நாற்காலி முதல் எங்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பதினோரு பேர். பதினோரு இடது கால்கள். ஒருவர் கைக்குட்டையில் எச்சில் தொட்டுத் துடைக்கிறார், ஒருவர் பேண்ட்டின் பின்பக்கத்தில் காலைத் தேய்க்கிறார், ஆரோக்கியம் தன் இடது காலை நாற்காலிக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு ஜெபம் சொல்கிறார். எனக்கு மட்டும் நிறைய நேரம் கிடைத்தது. யூதாஸ் நாற்காலியால் எனக்கு வந்த ஒரே லாபம் அது. கடைசியில் பாத்திரத்தில் இருந்த தண்ணீர், காப்பிக் கடையில் டம்ளர் கழுவிய தண்ணீர் நிறத்துக்கு வந்துவிட்டது.

பூசை முடிந்ததும் ராயப்பர் நேராக ஃபாதரிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன், சண்டை நடந்தால் விலக்கலாமே என்று.

"இது மொறையே இல்ல, ஃபாதர். முப்பது வருஷமா வலது காலுதான். பெரிய சாமி வெச்ச மொற."

ஃபாதர் சிரித்தபடி கேட்டார்: "முப்பது வருஷமா நீங்கதான் மொதல் சேர்ல இருக்கீங்களா அங்கிள்?"

"ஆமா."

"மத்தவங்களுக்கும் ஆசை இருக்கும்ல? அடுத்த வருஷத்துலேர்ந்து சீட்டுக் குலுக்கிப் போடுவோம். யார் பேர் வருதோ அவங்க உக்காரட்டும்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் ராயப்பர் முகத்தை அன்றுதான் நான் முதன்முதலாக உற்றுப் பார்த்தேன். அவரும் அன்று யார் காலையும் பார்க்கவில்லை.

அடுத்த வருடம் குருத்து ஞாயிறு அன்று ஒரு பிஸ்கட் டப்பாவில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார்கள். பன்னிரண்டு பெயர்கள் வந்தன. ராயப்பர் பெயர் இல்லை. என் பெயரும் இல்லை. ஆரோக்கியத்துக்கு, அவர் கெட்ட நேரம், பன்னிரண்டாவது நாற்காலி. வீட்டுக்கு வந்து ராயப்பரைக் கிண்டல் செய்யலாம் என்று வாயெடுத்தேன். அவர் மனைவி ஸ்டெல்லா ஆண்ட்டி என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டார்.

"கிண்டல் பண்ணாத தம்பி. வருஷம் பூரா அந்த மனுஷன் கடையில உக்காந்து வரவங்க போறவங்க காலயெல்லாம் மடியில வெச்சிக்கறாரு. சின்னப் பசங்ககூட காலத் தூக்கிக் காட்டறாங்க. ஒரு நாள், அந்த ஒரே ஒரு நாள்தான், இன்னொருத்தர் அவர் முன்னாடி முட்டி போட்டு அவர் கால எடுத்து மடியில வெச்சிக்கறாங்க. அதுவும் ஒரு சாமியாரு. அதுக்காகத்தான் வருஷம் பூரா காத்துக்கினு இருப்பாரு. இப்ப அதுவும் போச்சு."

எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. ஐந்து வருடம் அவர் காலைப் பற்றியே பேசியிருக்கிறேன். இது ஒரு நாளும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலையில் ராயப்பர் என் கதவைத் தட்டினார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. "ஒம்பது நம்பரு, லீவு போடு. பெரிய சாமியக் கூட்டினு வரோம். அவரு வாயால சொல்லட்டும், எது மொறன்னு."

பெரிய சாமி அப்போது ஓசூர் தாண்டி ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். எண்பத்தைந்துக்கு மேல் வயது. அத்திபெலே வழியாகப் பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் ராயப்பருக்கு உற்சாகம் தாங்கவில்லை. செம்புக் குடம், ரோஜாப்பூ, ஐந்து மணி மழை என்று கண்டக்டருக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டு வந்தார். கண்டக்டர் கன்னடக்காரர். ஒன்றும் புரியாமலே "ஹௌது, ஹௌது" என்று ஆமாம் போட்டார். அத்திபெலேயில் இறங்கியவர்கள் எல்லோரும் இவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

பெரிய சாமிக்குக் காது மந்தம், ஞாபகம் கத்தி. ராயப்பரைப் பார்த்ததும், "டேய், நீயா! கெழவனாயிட்டியேடா!" என்று கன்னத்தைத் தட்டினார். ராயப்பர் அவர் காலையே பார்த்துக்கொண்டு, "ஏழு நம்பரு. அப்பவும் ஏழு, இப்பவும் ஏழு" என்று கண் கலங்கினார். பெரிய வியாழன் வரை தங்கிவிட்டு வருகிறேன் என்று பெரிய சாமி துணிப்பையோடு எங்களுடன் கிளம்பிவிட்டார்.

சாயந்திரம் சாமியார் பங்களாவில் விசாரணை. புது ஃபாதர் மரியாதையாக டீ போட்டுக் கொடுத்தார். ராயப்பர் வக்கீல் மாதிரி எழுந்து நின்றார்.

"சாமி, நீங்களே சொல்லுங்க. உங்க காலத்துல எந்தக் காலக் கழுவுனீங்க?"

"வலது காலு."

ராயப்பர் புது ஃபாதரைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "எதுக்கு வலது காலுன்னு சொல்லுங்க சாமி."

"எதுக்கா? தண்ணி ஏது? கொழாயில ரெண்டு நாளைக்கு ஒரு தடவ நூல் மாதிரி வரும். அரைச் சொம்புத் தண்ணிய வெச்சிக்கிட்டு இருபத்துநாலு கால எப்படிக் கழுவுறது? பன்னெண்டுதான் முடிஞ்சுது."

ராயப்பர் தொண்டையைச் செருமினார். "வெந்நி... ரோசாப்பூ..."

"வெந்நியா? உனக்கு எவன் சொன்னான்?"

"சரி சாமி, அது போவட்டும். நான் வேணாம் வேணாம்னு சொல்ற மொற? அது நீங்க சொல்லிக் குடுத்ததுதான?"

பெரிய சாமி டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். பல் இல்லாத வாயால் மனிதர் விடாமல் சிரித்தார். "மொறையாம் மொற! இவனுக்குக் கால் கூசும் ஃபாதர்! மொத வருஷம் தண்ணி பட்டதும் விட்டான் பாருங்க ஒரு ஒதை, சொம்பு பறந்து போய்ப் பீடத்துப் படியில உருண்டுது. அடுத்த வருஷம் நான் குனியறதுக்குள்ளயே வேணாம் வேணாம்னு கால இழுத்துக்கிட்டான். சனங்க அத பக்தின்னு நெனச்சி அழுவுறாங்க. இவன் சிரிப்ப அடக்க முடியாம அழுவுறான்! நான் என்ன பண்றது? சரி, ராயப்பரும் வேணாம்னுதான சொன்னாருன்னு விட்டுட்டேன். அந்தப் பேரே அப்ப நான் வெச்சதுதான்."

புது ஃபாதர் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழப் பார்த்தார். நானும் சிரித்தேன், பொய் சொல்லவில்லை. முப்பது வருடமாக எத்தனை முந்தானைகள் நனைந்திருக்கும்! ராயப்பர் மட்டும் சிரிக்கவில்லை. டீயை முழுசாகக் குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, "நான் வரேன் சாமி" என்று கிளம்பினார். அவர் அத்தனை மெதுவாக நடந்து நான் பார்த்ததில்லை. நாற்காலியும் போய், அந்தக் காலமும் போய்விட்டது. எங்கள் சிரிப்பு அப்போதே அடங்கிவிட்டது. "நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றார் ஃபாதர்.

வியாழக்கிழமை ராயப்பர் பூசைக்கு வந்தார். வழக்கம் போலக் கடைசி வரிசை. பெரிய சாமிக்குப் பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு கைவைத்த நாற்காலி. பதினோரு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், இருபத்திரண்டு கால்களையும் சலவை செய்துகொண்டு. பன்னிரண்டாவது நாற்காலி காலியாக இருந்தது. ஆரோக்கியம் ஆட்டோவைக் கோயில் வாசலில் நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். கூப்பிடப் போனவரிடம், "மதியம் மூணு சவாரி வேணாம்னு எறங்கிப் போயிட்டாங்க. நாப்பது நாளா எல்லாரும் என்னை யூதாஸ்னு கூப்பிட்டா எவன் நம்பி ஏறுவான்? நான் மாட்டேம்ப்பா" என்றாராம். நாற்பது நாள் என்பது அவர் சேர்த்துக்கொண்டது. சீட்டு விழுந்தே நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

ஃபாதர் ஒவ்வொரு காலாகக் கழுவிக்கொண்டே வந்து, காலி நாற்காலிக்கு முன்னால் சொம்போடு நின்றார். கோயிலில் குசுகுசுவென்று பேச்சு. யாரும் எழுந்திருக்கவில்லை. நான் எழுந்திருக்கலாம் என்று பாதி எழுந்தேன். பழகிய நாற்காலிதானே. அதற்குள் ஃபாதர் திரும்பி, கடைசி வரிசையைப் பார்த்து, மைக்கே இல்லாமல் கூப்பிட்டார்.

"ராயப்பர் அங்கிள், வாங்க. உங்களுக்குத்தான் வெச்சிருக்கேன்."

பெரிய சாமிக்கு என்ன கேட்டதோ, அவரும் தன் பங்குக்கு "டேய், வாடா!" என்றார். அது வெளியே ஆட்டோ வரை கேட்டிருக்கும்.

ராயப்பர் எழுந்தார். அத்தனை பேர் நடுவில் நடந்து வந்து, பன்னிரண்டாவது நாற்காலி முன்னால் நின்றார். முதல் நாற்காலிக்காரரை யூதாஸ் இடத்தில் உட்காரச் சொன்னால்? அவர் நாற்காலியைப் பார்த்தார், பிறகு சத்தமாகவே சொன்னார்: "அன்னிக்கு அவன் காலயும்தான கழுவுனாரு." சொல்லிவிட்டு உட்கார்ந்து, இரண்டு காலையும் வெளியே வைத்தார். இரண்டும் சுத்தமாக, எண்ணெய் போட்டு, நகம் வெட்டி, தயாராக இருந்தன. சீட்டு விழாத மனிதர் நாற்பது நாளும் பயிற்சியை விடவில்லை.

ஃபாதர் முழங்காலிட்டார். வலது காலை எடுத்துத் தன் முழங்கால் மேல் வைத்தார். தண்ணீர் விழுந்தது. ராயப்பர் கண்ணை மூடினார், உதட்டைக் கடித்தார், உடம்பு குலுங்க ஆரம்பித்தது. ஃபாதர் தலையைத் தூக்கிக் கேட்டார்:

"கூசுதா?"

அவ்வளவுதான். முப்பது வருடமாக அடக்கிவைத்தது எல்லாம் ஒன்றாக உடைந்தது. "கூசுது சாமி! ஐயோ, கூசுது சாமி!" என்று ராயப்பர் வாய்விட்டுச் சிரித்தார். பெரிய சாமி தன் நாற்காலியில் கைதட்டினார். பதினோரு சீடர்களும் சிரித்தார்கள். பிறகு பெண்கள் பக்கம், பிறகு பாடகர் குழு, பிறகு மொத்தக் கோயிலும். வாசலில் ஆரோக்கியம் ஆட்டோவிலிருந்து இறங்கி எட்டிப் பார்த்தார். ஃபாதர் விடாமல் இடது காலையும் எடுத்தார். முழங்கால் மேல் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக, சந்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்தார். ராயப்பர் அவரைச் 'சாமி' என்று கூப்பிட்டதை எத்தனை பேர் கவனித்தார்களோ, நானும் ஸ்டெல்லா ஆண்ட்டியும் கவனித்தோம். ஆண்ட்டியின் முந்தானை கண்ணுக்குப் போயிருந்தது.

இதோடு அவர் திருந்தினார் என்று நினைத்தால் அது உங்கள் தப்பு. அடுத்த இரண்டே வருடத்தில் காம்பவுண்டுக்குப் புதிதாக வந்த ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரரைப் பிடித்து உட்காரவைத்து ராயப்பர் சொல்லிக்கொண்டிருந்தார்: "எட்டரை நம்பரு, உனக்குத் தெரியாது. அந்த வருஷம் கழுவுன மாதிரி இன்னொரு வருஷம் இல்ல. ரெண்டு காலு! வெந்நி! சாமி ஒவ்வொரு வெரலா தொடைச்சாரு. கோயிலே சிரிச்சுது. அஞ்சு மணிக்கு டாண்ணு மழை! அந்தக் காலமே வேற." மழை அன்று வரவே இல்லை. தண்ணீர் பச்சைத் தண்ணீர். நான் பக்கத்தில் நின்று, "ஆமா, ரோஜாப்பூகூட இருந்துச்சு" என்றேன். ராயப்பர் என்னை, என் முகத்தை, நன்றியோடு பார்த்தார்.

பிறகு எனக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. கிளம்புகிற அன்று ஒரு ஜோடி செருப்பு கொடுத்தார். இடது செருப்பு வலதைவிட அரை நம்பர் பெரிது. எந்தக் கடையில் இரண்டு ஜோடியைப் பிரித்து எனக்காக ஒன்று சேர்த்தாரோ, கேட்கவில்லை. சில வருடம் கழித்து ஸ்டெல்லா ஆண்ட்டி போன் செய்து, அவர் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சொன்னார். புது ஷூ போட்டுத்தான் அனுப்பினார்களாம். அளவு எடுக்கத்தான் ஆள் இல்லாமல் திண்டாடிப் போனார்களாம்.

அதற்கு அடுத்த வருடம் பெரிய வியாழனன்று எங்கள் சென்னைப் பங்கில் பன்னிரண்டு பேரில் ஒருவனாக என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு நடுவில் ஒரு நல்ல நாற்காலி. முன்பின் தெரியாத சாமியார் என் முன்னால் முழங்காலிட்டுக் கையை நீட்டினார். என் கால் தானாக உள்ளே போய்விட்டது. மறுபடி நீட்டினார், மறுபடி போனது. அவர் நிமிர்ந்து பார்த்து, "கூசுதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமாம் சாமி" என்றேன். எனக்குக் கால் கூசவே கூசாது.